எல்லாம் பச்சை, குரல் மட்டும் வெட்டுகிறது: கேள்வி பதில்

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, எங்கள் அலுவலக இணைப்பைக் கண்காணிக்கும் மென்பொருளில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் சூமில் கதைக்கும்போது குரல் வெட்டுகிறது என்று எல்லாரும் என்னைத்தான் ஏசுகிறார்கள். விலை கூடிய மென்பொருள் ஒன்று வாங்கவா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இதே ஏச்சை நானும் வாங்கியிருக்கிறேன்.

பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதைச் சொல்லத் தொடங்கினாலும் நான் கிணற்றடிக்குத்தான் வந்து நிற்பேன். சரி, இன்றைக்கும் அதுதான். விடிய எட்டிப் பார்த்தால் நல்ல தண்ணீர். பத்து மணிக்குத் தோட்டத்துக்கு மோட்டர் போட்டால் அடி தெரியும். பின்னேரம் திரும்ப ஊறிவிடும். விடியவும் பின்னேரமும் மட்டும் பார்க்கிறவர், கிணறு வற்றவே இல்லை என்று சத்தியம் செய்வார்.

உங்கள் மென்பொருளும் அநேகமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் ரவுட்டரை எட்டிப் பார்க்கிறது. எம்.ஆர்.டி.ஜி. என்ற பழைய கண்காணிப்பு மென்பொருளின் காலத்துப் பழக்கம் அது. இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு பல்கலைக்கழகம், ஆயிரத்துக்கு மேல் கணினிகள், வெளியே போக ஒரேயொரு 64 கிலோபிட் இணைப்பு. அந்த நெரிசலைப் பார்க்கத்தான் டோபியாஸ் ஓட்டிக்கர் 1994இல் அதை எழுதத் தொடங்கி 1995இல் வெளியிட்டார். அந்த வேலைக்கு ஐந்து நிமிடச் சராசரி போதும். குரலுக்குப் போதாது. கணக்குப் பாருங்கள்: 300 செக்கனில் 30 செக்கன் இணைப்பு முழுதாக நிரம்பி, மிச்ச நேரம் பத்து வீதம் ஓடினால் சராசரி 19 வீதம். பச்சை! அந்த 30 செக்கனில் கதைத்தவருக்கோ பாதிச் சொல் போய்விட்டது.

சுன்னாகத்தில் ஓர் அலுவலகத்தில் ஒரு மாத வரைபடத்தை விரித்து வைத்து, "இணைப்பில் பிழை இல்லை" என்று பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன். அங்கே கணக்குப் பார்க்கும் ஐயா ஒன்றும் கதைக்கவில்லை. ஒரு கொப்பியை நீட்டினார். குரல் வெட்டிய நேரமெல்லாம் எழுதியிருந்தது: 9.00, 10.00, 11.00. மணி அடித்தாற்போல! பிறகு அவருடைய மேசையில் இருந்தே செக்கனுக்கு ஒரு பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் செய்தி, அனுப்பிப் பார்த்தோம். ஒவ்வொரு மணியும் தொடங்கும்போது பாக்கெட்டுகள், அதாவது இணைப்பில் போகும் தரவுத் துண்டுகள், தொலைந்தன. ஒரு கணினி மணிக்கொருமுறை கோப்புகளை வெளியே பிரதி எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தினோம், முடிந்தது. மென்பொருளுக்கு ஒரு சதமும் செலவில்லை. எனக்கு வெட்கம்தான் செலவு.

ஆகவே எதை வாங்குவது என்பதை விட்டு, எங்கே நின்று அளப்பது என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோசம். ரவுட்டர் நலமா என்று ரவுட்டரிடமே கேட்டால் அது நலம் என்றுதான் சொல்லும். கதைக்கிறவருடைய கதிரையில் இருந்து அளந்து பாருங்கள்: எத்தனை பாக்கெட் தொலைகிறது, தாமதம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்று. ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் பேச்சுக்குப் பெரும்பாலும் சிக்கலில்லை. பிங் காட்டுவது போய் வரும் நேரம், அதை மறந்துவிடாதீர்கள்.

தம்பி, ஏசுகிறவர்களிடம் ஒரு கிழமைக்கு நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பைக் கீழே போடுங்கள், அடுத்த காணொளியில் அதை வைத்தே பார்ப்போம்.