கொட்டை வேறு, ஒட்டு வேறு

வடசென்னை நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டை, பெரம்பூர்ப் பக்கம் கொல்லையில் மாமரம் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "பங்கனப்பள்ளி தின்றுவிட்டுக் கொட்டையைப் புதைத்தோம். வேறு என்னவோ காய்க்கிறதே, அதுவும் நாலே காய்!"

மரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. மாவுக்கு 40 குரோமோசோம்கள். பாதி தாய் மரத்துடையது, மீதிப் பாதி ஏதோ ஒரு தோப்பிலிருந்து ஈ சுமந்து வந்த மகரந்தத்துடையது. ஆகவே அந்தக் கொட்டை புதிய பிறவி. சுவை மட்டுமா, எத்தனை காய்க்கும், எந்த வயதில் காய்க்கும் என்பதெல்லாம் அதன் தனி வழி. வெள்ளைக் கொளம்பான் போன்ற சில ரகங்கள் விதிவிலக்கு. ஒரே கொட்டையில் பல முளை வரும், அவற்றில் பெரும்பாலானவை தாயின் நகல். அதனால்தான் அதை ஒட்டுக்கு வேர்ச்செடியாக, அதாவது நல்ல ரகத்தின் கிளையை மேலே ஒட்டவைக்கும் அடிச்செடியாக, வைக்கிறார்கள்.

அடுத்த பூப்பருவத்தில் ஒரு பூங்கொத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேல் பூக்கள் இருக்கலாம். நடுவில் பச்சை மணிபோல் சூலகம் தெரிந்தால் அது காயாகக்கூடிய இருபால் பூ. இல்லாதது ஆண் பூ. நம் சென்னைக்குப் பிரியமான ருமானியில் இருபால் பூ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்றும், வடநாட்டு லங்கடாவில் அறுபதுக்கு மேல் என்றும் பழைய ஆய்வுக் கணக்கு உண்டு. ஆனாலும் லங்கடா ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும். தன் மகரந்தத்தில் தானே காய் பிடிக்காது. பூ எண்ணிக்கையை வைத்து விளைச்சலைக் கணிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பூவில் ஈ மொய்க்கிறதே என்று மருந்து அடிப்பது அதைவிடப் பெரிய கூத்து. காய் பிடிக்க வைப்பதே அந்த ஈதான்.

நீலமும் கிளிமூக்கும் ஏறக்குறைய ஆண்டுதோறும் காய்ப்பவை. நீலத்தின் அந்தக் குணத்துக்காகவே தில்லி ஆய்வாளர்கள் அதை வடநாட்டு ரகமான தசேரியோடு கலந்தார்கள். பிறந்தவை ஆம்ரபாலியும் மல்லிகாவும். பத்து மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 100 மரம் நிற்கும் இடத்தில், குட்டை மரமான ஆம்ரபாலி 1,600 நிற்கும்.

இடம் குறைந்த நம் வீடுகளுக்கு நீலம் அல்லது ஆம்ரபாலி ஒட்டுச்செடி போதும். மல்கோவாவுக்கு ஆசைப்பட்டால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், அது காய்ப்பில் கஞ்சன். நடும்போது ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டுவிட்டால் ஒட்டு நலிந்து, வேர்ச்செடியே மரமாகி நிற்கும்.