மன்னா தின்றவர்களும் முறுமுறுத்தார்கள்

நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கிற எதிரணித் தலைவி அக்கா அவர்களே, என் அணியினரே, பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வெளியூரிலிருந்தெல்லாம் வந்து, நாளைக்கு அசன விருந்து உண்டு என்ற நம்பிக்கையில் இன்றைக்கு எங்களைப் பொறுத்துக்கொண்டிருக்கிற சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

'விசுவாசம் பெரிதும் வளர்வது வேதத்தைக் கற்பதாலா, வாழ்க்கை அனுபவத்தாலா?' என்பது தலைப்பு. வேதத்தைக் கற்பதால்தான் என்று பேச நான் வந்திருக்கிறேன்.

அக்கா பேசும்போது நானே கைதட்டிவிட்டேன். பக்கத்தில் இருக்கிற என் அணித் தம்பி முறைத்தான். ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்த ராத்திரியைச் சொன்னார்கள். "பைபிளைத் திறக்கக்கூட என் கையில் தெம்பில்லை. ஆனாலும் கர்த்தர் என் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தது" என்றார்கள். அதை மறுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதே வராந்தாவில், அதே நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னொருவர், "சாமியாவது பூதமாவது" என்று எழுந்து போயிருக்க மாட்டாரா? போகிறவர்களை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்? ராத்திரி ஒன்றுதான், பயமும் ஒன்றுதான். ஒருவருக்கு விசுவாசம் கூடியது, ஒருவருக்கு இருந்ததும் போயிற்று. அப்படியானால் வித்தியாசத்தை உண்டாக்கியது அந்த ராத்திரியாக இருக்க முடியாதே?

அக்கா, பக்கத்தில் இருந்தவர் கர்த்தர்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன்; தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று 23ஆம் சங்கீதத்தைச் சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் அதை ஒரு பென்சில் பெட்டிப் பரிசுக்காகத்தான் படித்தோம், ஒத்துக்கொள்வோம். புத்தகத்தைத் திறக்கத் தெம்பில்லை, சரி. அது ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்திருந்ததே!

அனுபவம்தான் விசுவாசத்தை வளர்க்கும் என்றால், உலகத்திலேயே பெரிய விசுவாசிகள் யாராக இருந்திருக்க வேண்டும்? எகிப்திலிருந்து புறப்பட்டு வந்த இஸ்ரவேல் ஜனங்கள். யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தில் கடல் பிளக்கிறது. இதைவிடப் பெரிய அனுபவத்துக்கு எங்கே போவது? 15ஆம் அதிகாரத்தில் மோசே பாடுகிறார், மிரியாம் தம்புரு அடிக்கிறாள். அந்த அதிகாரம் முடிவதற்குள், மூன்றே நாள் தண்ணீர் கிடைக்கவில்லை என்றதும் முறுமுறுப்பு தொடங்கிவிட்டது. அடுத்த அதிகாரத்தில் எகிப்தின் இறைச்சிப் பாத்திரங்களை நினைத்து ஏங்குகிறார்கள். வானத்திலிருந்து மன்னா என்ற அப்பம் வருகிறது, அதையும் தின்றுவிட்டு முறுமுறுக்கிறார்கள். 32ஆம் அதிகாரத்தில் கும்பிடப் பொன் கன்றுக்குட்டியே செய்துவிட்டார்கள்.

யோவான் 6ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன், ஐயாயிரம் பேர், மீதி பன்னிரண்டு கூடை. மறுநாள் அதே ஜனம் இயேசுவைத் தேடி வந்து என்ன கேட்கிறது தெரியுமா? "உம்மை விசுவாசிக்கும்படிக்கு நாங்கள் காணத்தக்கதாக நீர் என்ன அடையாளத்தைக் காண்பிக்கிறீர்?" நேற்று தின்ற அப்பம் செரித்திருக்குமா என்பதே சந்தேகம், அதற்குள் அடுத்த அடையாளம் கேட்கிறார்கள். அனுபவம் என்ன செய்யும் என்றால், அடுத்த அனுபவத்தைக் கேட்கும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய ஆசிரியர் ஐயா சாமர்த்தியமாக ஒரு கணை விட்டார். ஏரோது ராஜாவுக்கு முன்னால் நின்ற வேதபாரகர்களை, அதாவது வேத அறிஞர்களை, சாட்சிக்குக் கூப்பிட்டார். "கிறிஸ்து எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டதும், புரட்டிப் பார்க்காமலே மீகா தீர்க்கதரிசியின் வசனத்தைச் சொன்னார்கள். ஆனால் பக்கத்திலிருந்த பெத்லகேமுக்கு அவர்களில் ஒருவரும் போகவில்லை. நட்சத்திரத்தைப் பார்த்தவர்கள்தான் போய்ப் பணிந்துகொண்டார்கள்" என்றார். நல்ல கேள்வி. வசனம் தெரிவதும் விசுவாசமும் ஒன்றில்லை என்பது உண்மை. வேத வினாடிவினாவில் கோப்பை வாங்கியவர்களை நமக்கும் தெரியும், பெயர் சொல்ல வேண்டாம், சிலர் இங்கேயே இருக்கிறார்கள். ஆனால் ஐயா, நட்சத்திரத்தைக் கண்டு கிளம்பிய சாஸ்திரிகள் முதலில் எங்கே போய் நின்றார்கள்? ஏரோது இருந்த எருசலேமில்! பெத்லகேம் என்று ஊர்ப் பெயரைச் சொல்லி அவர்களைச் சரியான பாதையில் திருப்பிவிட்டது மீகாவின் புத்தகம். பிறகு நட்சத்திரம் மறுபடியும் முன்னே போயிற்று, நான் இல்லையென்று சொல்லவில்லை. வேதபாரகர்கள் வசனத்தை அரசனுக்குப் பதில் சொல்ல மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது கற்பதாகாது. பெரோயா பட்டணத்தார் செய்ததுதான் கற்பது. பவுல் வந்து பிரசங்கம் பண்ணியும்கூட, "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து" பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17 சொல்கிறது. பவுலையே சரிபார்த்திருக்கிறார்கள்! நாம் ஒரு பிரசங்கியாரைச் சரிபார்த்தால் என்ன நடக்கும் என்று நம் சபைப் போதகர் ஐயரவர்கள் இருக்கும் மேடையில் சொல்ல விரும்பவில்லை.

அடுத்து, நம் சபைகளுக்கே உரிய ஒரு விஷயத்தைப் பேச வேண்டும். வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று ஆளுக்கொரு அட்டை எடுக்கிறோம். நல்ல வசனம் வந்தால் முகம் மலர்கிறது. கொஞ்சம் கடுமையான வசனம் வந்துவிட்டால் பக்கத்திலிருக்கும் மருமகளிடம், "உனக்கு என்ன வந்திருக்கு, காட்டு" என்று மாற்றிக்கொள்ளப் பார்க்கிறோம். அதில் எல்லாரும் ஆசைப்படுகிற அட்டை எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." லேமினேட் பண்ணி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிடுவோம். ஜனவரியில் ஒட்டியது, மே மாதம் மகனுக்கு நினைத்த காலேஜில் இடம் கிடைக்காவிட்டால், "என்ன ஆண்டவரே, சொன்னீரே?" என்று கேட்போம்.

எங்கள் தெருவில் புதன்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டு முற்றத்தில் வேதபாடம் நடக்கும். பெண்கள்தான் அதிகம். ஒரு வாரம் அந்த 29ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தார்கள். அட்டையில் இருக்கிற அந்த வரி ஒரு கடிதத்தில் உள்ளது. பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்றெல்லாம் அதில் வருகிறது. அப்புறம் பத்தாம் வசனம்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பி வருவீர்கள். அதற்கு அடுத்த வசனம்தான் நம் அட்டை!

பெரிய எழுத்து பைபிளை மடியில் வைத்திருந்த ஒரு பாட்டி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள்: "எழுபது வருஷமா? அப்போ இந்த லெட்டரைக் கையில வாங்குனவுகள்ல பாதிப் பேரு அங்கேயே செத்திருப்பாகளே?" ஒருவரும் பேசவில்லை. பாட்டியே மறுபடி சொன்னார்கள்: "அவுகளுக்கும் சேர்த்துத்தானே 'சமாதானத்துக்கேதுவான நினைவு'ன்னு சொல்லியிருக்காரு. அப்போ நான் பார்க்காமப் போனாலும் என் பேரப்பிள்ளைக்கு அவரு பார்த்துக்கிடுவாரு." நடுவர் ஐயா, அட்டையில் அந்த ஒரு வரியை வாசித்தால், 'இந்த வருஷம் எனக்கு நல்லது நடக்கும்' என்பதோடு நின்றுவிடும். நடக்காவிட்டால் அதுவும் போய்விடும். கடிதத்தை முழுதும் வாசித்த பாட்டிக்குக் கிடைத்ததோ, நல்லது தன் கண்முன்னே நடக்காவிட்டாலும் உடையாத நம்பிக்கை. இதை எந்த அனுபவம் கொடுக்கும்? பாட்டிக்கு அந்த அனுபவம் இனிமேல்தானே வர வேண்டும்!

அதே எழுபது வருஷக் கணக்கைப் பாபிலோனில் சிறையிருப்பில் இருந்த இன்னொருவரும் வாசித்திருக்கிறார். தானியேல். எதிரணி உரிமை கொண்டாட வேண்டிய ஆள் அவர். சொப்பனம், தரிசனம், சிங்கக்கெபி என்று அனுபவத்துக்குக் குறைவே இல்லை. அவர் 9ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார்: எரேமியாவுக்குக் கர்த்தர் சொன்ன எழுபது வருஷக் கணக்கைப் "புஸ்தகங்களால் அறிந்துகொண்டேன்." சொப்பனத்துக்கே அர்த்தம் சொல்லத் தெரிந்தவர், இதைத் தெரிந்துகொள்ள எரேமியாவைத்தான் திறந்து வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அடுத்த வசனத்திலேயே இரட்டுத் துணியிலும் சாம்பலிலும் உட்கார்ந்து ஜெபிக்கத் தொடங்குகிறார். வேதம் படிப்பவர்களுக்கு மண்டை வளரும், முழங்கால் மடங்காது என்று எதிரணியில் சொன்னார்களே, தானியேலின் முழங்காலைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அப்புறம், வாசிக்கத் தெரியாத நம் முன்னோர் விசுவாசிக்கவில்லையா என்று கேட்டார்கள். விசுவாசித்தார்கள், கேட்டு விசுவாசித்தார்கள். நெகேமியா 8இல் வேதபாரகர் எஸ்றா எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன்னே காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் வேதத்தை வாசிக்கிறார், லேவியர் அர்த்தம் சொல்லி விளங்கவைக்கிறார்கள், ஜனங்கள் அழுகிறார்கள். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டே, "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்றுதான் பிலிப்புவை ஏறச் சொன்னார். கற்பது என்றால் அறையைச் சாத்திக்கொண்டு தனியாகப் படிப்பது மட்டும்தான் என்று யார் சொன்னது? ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706இல், டேனிஷ்காரர் ஆண்ட தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். நடுவில் டேனிஷ் அதிகாரிகளே அவரைச் சில மாதம் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்து 1711இல் முடித்தார், 1715இல் அது அச்சாகி நின்றது. தன் அனுபவங்களைச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவருக்கு அது போதவில்லை. இந்த ஊர்க்காரர்கள் தங்கள் மொழியிலேயே வசனத்தைக் கேட்டாக வேண்டும் என்று நினைத்தார்.

இப்போது எம்மாவு என்ற கிராமத்துக்குப் போகலாம். லூக்கா 24. எருசலேமிலிருந்து ஏழு எட்டு மைல். இயேசு சிலுவையில் மரித்த பிறகு, அவருடைய இரண்டு சீஷர்கள் துக்கமுகத்தோடு நடந்து போகிறார்கள். அவர்களுக்குச் செய்தி தெரியாமல் இல்லை. கல்லறை காலியாக இருந்தது தெரியும், ஸ்திரீகள் வந்து சொன்னது தெரியும், சிலர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்ததும் தெரியும். எல்லா அனுபவமும் கையில் இருக்கிறது. வாயில் வருவதோ, "நம்பியிருந்தோம்" என்ற பேச்சு. உயிர்த்தெழுந்தவரே பக்கத்தில் வந்து நடக்கிறார். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? கையைக் காட்டி, "இதோ ஆணித் தழும்பு" என்று ஒரே நிமிஷத்தில் முடித்திருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. மோசேயிலிருந்து ஆரம்பித்து, தீர்க்கதரிசிகள் எல்லாரையும் எடுத்து, வேதபாடம் நடத்திக்கொண்டே போகிறார். தம்மைக் காட்டுவதற்கு முன்னால் வேதத்தைக் காட்டுகிறார்.

"அப்பத்தைப் பிட்டபோதுதானே கண் திறந்தது, அது அனுபவம்தானே?" என்று அக்கா அங்கிருந்தே சைகை காட்டுகிறார்கள். ஆமாம், அடையாளம் தெரிந்தது பந்தியில்தான். ஆனால் அவர் மறைந்துபோன பிறகு அந்த இரண்டு பேரும் அப்பத்தைப் பற்றியா முதலில் பேசினார்கள்? "வழியிலே அவர் நம்முடனே பேசி, வேதவாக்கியங்களை நமக்கு விளங்கக்காட்டினபொழுது, நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா" என்றார்கள். நெருப்பு வழியிலேயே பற்றிவிட்டது அக்கா. கண் திறந்த மாத்திரத்தில் அவர் மறைந்துவிட்டார். அந்தக் காட்சி ஒரு கணம். அதை நம்பி மட்டும் இருந்திருந்தால், 'பார்த்தது நிஜமா, பிரமையா' என்று மறுநாள் காலையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மணியைத் தொடப் போகிறீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு சாட்சியை நிறுத்திவிட்டு முடிக்கிறேன். பேதுரு. கடல்மேல் நடந்தவர், மறுதலித்து அழுதவர், மறுரூப மலையில் இயேசுவின் மகிமையைக் கண்ணால் கண்டவர். அவரைவிட அனுபவசாலியை எதிரணி கொண்டுவர முடியாது. சாகும் நாள் சீக்கிரம் என்று தெரிந்துகொண்டு அவர் எழுதுகிறார், இரண்டாம் நிருபம் முதல் அதிகாரம். பரிசுத்த பருவதத்திலே, அந்த மலையிலே, வானத்திலிருந்து வந்த சத்தத்தை நாங்களே கேட்டோம் என்று சொல்கிறார். அனுபவத்தைச் சொல்லியாகிவிட்டது. அத்தோடு நிறுத்தி, 'நீங்களும் ஒரு மலையைத் தேடிப் போங்கள்' என்றா சொல்கிறார்? அடுத்த வரி: "அதிக உறுதியான தீர்க்கதரிசன வசனமும் நமக்கு உண்டு." இருளுள்ள இடத்தில் பிரகாசிக்கிற விளக்கைப் போன்ற அந்த வசனத்தைக் கவனித்திருங்கள் என்கிறார். பன்னிரண்டு பேரில் மூன்று பேரைத்தான் இயேசு அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மீதி ஒன்பது பேருக்கும், இந்தப் பந்தலில் இருக்கிற நமக்கும் பேதுரு கைகாட்டுகிற இடம் அதுதான். அடுத்துப் பேச வருகிற எதிரணித் தம்பி எனக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் பேதுருவுக்குப் பதில் சொல்லட்டும். வணக்கம்.