நாளைக்கு லீவு என்ற வதந்தி

நேயர்களுக்கு வணக்கம். இந்த வானொலி நிலையத்துக்கு வருவதற்காகக் கடலூரில் காலையில் பஸ் ஏறினேன். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும் பின் சீட்டில் ஒருவர், "ரெட்டிச்சாவடிகிட்ட ரோட்டை அடைச்சிட்டாங்கன்னு ஒரு பேச்சு" என்றார். 'அடைச்சிட்டாங்க' வரைக்கும் கேட்டவர்கள் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். 'ஒரு பேச்சு' என்பதும் காதில் விழுந்தவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். ரோடு திறந்துதான் கிடந்தது.

அந்த 'ஒரு பேச்சு' இருக்கிறதே, அதை இங்கிலீஷில் எங்கே வைப்பது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் நடத்திய கை இது. சாக்பீஸும் போர்டும் இல்லாமல் இலக்கணம் பேசச் சொன்னால் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. நீங்கள் பேப்பர் பேனா எல்லாம் தேட வேண்டாம். அடுப்பில் வேலை இருந்தால் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

தமிழில் நாம் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். அது வதந்தியா, நம்பிக்கையா, பயமா, யாரோ ஒருவருடைய கருத்தா என்பதைக் கடைசியில் சொல்கிறோம். நாளைக்கு லீவு என்ற வதந்தி. மழை வரும் என்ற நம்பிக்கை. நடுவில் 'என்ற' உட்கார்ந்திருக்கிறது. பேச்சில் அது 'ங்கிற' ஆகிவிடும். இந்தப் பழக்கம் நேற்று வந்ததில்லை. தொல்காப்பியரே விதியைச் சொல்லிவிட்டுக் கடைசியில்தானே 'என்மனார் புலவர்' என்று முடிக்கிறார்? 'நான் சொல்லவில்லையப்பா, பெரியவர்கள் சொன்னது' என்பது வாலில்தான் வருகிறது.

இங்கிலீஷில் இது தலைகீழ். 'த ரூமர் தட் டுமாரோ ஈஸ் எ ஹாலிடே.' ரூமர் முன்னால், தட் நடுவில், லீவு கடைசியில். பிரெஞ்சிலும் இதே வரிசைதான். புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர்களும் பெயர்ச்சொல்லை முன்னால் வைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவார்கள்.

எங்கள் ஊரில் நவம்பர் மாதம் இந்தப் பாடத்துக்கென்றே படைத்த மாதம். வானம் கறுத்தால் போதும், லீவுப் பேச்சு கிளம்பிவிடும். 'டுமாரோ லீவ் தட் நியூஸ் கேம்' என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவார்கள். சிரிக்காதீர்கள். 'நாளைக்கு லீவுங்கிற நியூஸ் வந்தது' என்பதைத்தான் சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்திருக்கிறார்கள். தமிழ் மூளை ஒழுங்காக வேலை செய்கிறது, வரிசைதான் மாறவில்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். கடைசிச் சொல்லைத் தூக்கி முதலில் போடு. நியூஸ் தட். ரூமர் தட். பிள்ளைகளுக்கு அது ஹோப் தட், அன்றைக்கும் வேலைக்குப் போக வேண்டிய அம்மாவுக்கு ஃபியர் தட்! விஷயம் மாறவே இல்லை பாருங்கள், லீவு லீவாகத்தான் இருக்கிறது. முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்தான் மாறுகிறது.

இது விளையாட்டில்லாத இடமும் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் வந்ததைத் தேவனாம்பட்டினத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு நாள் கழித்து, 30-ஆம் தேதி, மறுபடியும் வரலாம் என்று மத்திய அரசிடமிருந்தே எச்சரிக்கை வந்தது. கரையோரத்து ஜனங்கள் ஓடினார்கள். அன்றைக்குக் கடல் வரவில்லை. 'கடல் மறுபடியும் வருகிறது' என்ற வாக்கியம் ஒன்றேதான். முதலில் அதன் முன்னால் நின்றது வார்னிங். ஓடியவர்கள் நெஞ்சில் அதுவே ஃபியர். எல்லாம் அடங்கிய பிறகு வெறும் ரூமர். எந்தச் சொல்லை முன்னால் வைக்கிறோமோ, அதற்குத் தகுந்தபடிதான் கேட்பவர் கால் நகரும்.

இப்போது என் மாணவன் கதை. இதை எங்கே போனாலும் சொல்லுவேன், முன்பே கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். எடை போடும் மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று அவனுக்குச் சந்தேகம். மேலதிகாரி வெளிநாட்டுக்காரர், இங்கிலீஷே தாய்மொழி. நம் பையன் எழுதினான்: 'ஐ ஹேவ் எ டவுட் தட் த வெயிட் ஈஸ் ராங்.' பதில் வந்தது: 'ஐ டவுட் இட் டூ.' அதோடு சரி. ஒரு வாரம் போயிற்று, மெஷினைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டான். "டீச்சர், நான் சந்தேகமா இருக்குன்னு எழுதினேன், அவரும் சந்தேகமா இருக்குன்னுதான் எழுதியிருக்கார். அப்புறம் ஏன் டீச்சர் சும்மா இருக்கார்?"

காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு விளக்கினேன். நம் 'சந்தேகம்' இரண்டு பக்கமும் போகும். 'அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்' என்றால் எடுத்திருப்பான் என்று நினைக்கிறோம். 'அவன் வருவானாங்கிறதே சந்தேகம்' என்றால் வரமாட்டான் என்று நினைக்கிறோம். இங்கிலீஷ் டவுட் அப்படி இல்லை, இரண்டாவது பக்கம்தான் போகும். எடை தப்பாக இருக்காது என்று இவன் சொல்வதாக அவர் படித்துவிட்டு, எனக்கும் அப்படித் தோன்றவில்லை என்று நிம்மதியாகப் பதில் போட்டிருக்கிறார்! இவன் எழுதியிருக்க வேண்டியது 'சஸ்பிஷன் தட்'. மறுபடி சொல்கிறேன், நடந்திருக்கும் என்று நினைத்தால் சஸ்பிஷன், நடந்திருக்காது என்று நினைத்தால் டவுட். மெஷின் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், அதை அவன் என்னிடம் சொல்லவில்லை.

இன்னொரு குழப்பம். 'த ரூமர் தட் ஹீ ஸ்ப்ரெட்' என்றால் அவர் பரப்பிய வதந்தி. 'த ரூமர் தட் ஹீ ரான் அவே' என்றால் அவர் ஓடிவிட்டார் என்ற வதந்தி. இரண்டிலும் தட்தான். பிரித்துப் பார்க்க நம்மிடம் ஒரு சாவி இருக்கிறது. மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'என்ற' வந்தால் அது வதந்திக்குள் இருக்கும் விஷயம். 'பரப்பிய' மாதிரி நேராக ஒட்டிக்கொண்டால் அது எந்த வதந்தி என்று அடையாளம் காட்டுவது. முதல் வகையில், அதாவது 'பரப்பிய' வகையில், தட்டை விட்டுவிட்டுக்கூடப் பேசலாம், 'விச்'சும் போடலாம். 'என்ற' வகையில் 'விச்' போடக் கூடாது, எழுதும்போது தட்டை விடாமல் இருப்பதே நல்லது.

காதால் கேட்பவர்களுக்கு ஒன்று. 'அந்த வீடு' என்று விரலை நீட்டிச் சொல்லும் தட் அழுத்தமாக விழும். நம்முடைய இந்த தட் முணுமுணுப்பாகப் போய்விடும், த்-ட் என்று. செய்தி கேட்கும்போது அதைப் பிடிக்காமல் விட்டால், 'கிளெய்ம்', அதாவது ஒருவர் சொல்வது மட்டும், என்று முன்னால் சொன்னதும் மறந்து, யாரோ சொன்னதை நடந்ததாகவே எடுத்துக்கொண்டு விடுவோம்.

'ஃபேக்ட் தட்' பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். பட்டிமன்றத்தில் தன் அபிப்பிராயத்துக்கெல்லாம் ஃபேக்ட் என்று பட்டம் கட்டுபவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி கை காட்டுகிறார். சரி, சட்டென்று இரண்டு. 'ஃபியர் ஆஃப் தட்' என்று எழுதாதீர்கள், இந்த இடத்தில் ஆஃப் வேண்டாம், ஃபியர் தட் போதும். அப்புறம், பெயர்ச்சொல்லும் தட்டும் சில சமயம் பிரிந்தும் நிற்கும். 'எ ரூமர் ஸ்ப்ரெட் தட் டுமாரோ வாஸ் எ ஹாலிடே', நடுவில் ஸ்ப்ரெட் நுழைந்துவிட்டது பாருங்கள், அதுவும் சரிதான், ஏன் என்று... இல்லை, மணி ஆகிவிட்டது. வணக்கம்.