கண்மாய்க்குள்ள டிவிக்காரங்க கிரிக்கெட் | வீட்டுக்கு வீடு மொய்!

வணக்கம் மக்களே! முதலில் ஒரு மன்னிப்பு. இன்றைக்கு எடுத்த வீடியோவில் முதல் 5 ஓவருக்குச் சத்தமே வராது. மைக்கைச் சட்டையில் மாட்டினேன், ஆன் பண்ண மறந்துவிட்டேன். அதனால்தான் இப்படிக் கரையில் உட்கார்ந்து வாயாலேயே கதை சொல்கிறேன்.

மேலூர் பக்கம் தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய், அதுதான் கிரவுண்ட். ஒரு அணியில் உள்ளூர் கேபிள் சேனலில் செய்தி வாசிக்கிறவர், சமையல் நிகழ்ச்சி நடத்தும் அக்கா, மிமிக்ரி செய்கிற ரெண்டு அண்ணன்கள். எதிரே ஊர் இளவட்டங்கள். கபடியில் முட்டி ஜவ்வு கிழிந்த ஒரு தம்பியின் ஆபரேஷன் செலவுக்காக இந்த ஆட்டம். பிடியிலிருந்து உருவி ஓடும்போது பாதம் மண்ணில் ஊன்றிவிடும், முட்டி மட்டும் திரும்பிவிடும். கபடிக்காரர்களுக்கு அதுதான் பெரிய பயம். தம்பி ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, கரும்பலகையில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தான்.

2016 ஏப்ரலில் நடிகர் சங்கக் கட்டட நிதிக்காக நட்சத்திர கிரிக்கெட் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? 8 அணி, ஆட்டத்துக்கு 6 ஓவர். விஷால் தலைமையில் மதுரை காளைஸ் என்று நம்ம ஊர் பேரிலேயே ஓர் அணி. ஆனால் ஆடியது சேப்பாக்கத்தில்! நாம் சன் டிவியில்தான் பார்த்தோம். சரி, அது கட்டடக் கணக்கு, பெரிய முகங்கள் வேண்டும். இங்கே செய்தி வாசிப்பவர் பெட்ரோல்கூடக் கேட்காமல் தன் டூவீலரிலேயே வந்து இறங்கினார்.

அவர் கைக்கு நேராக ஒரு கேட்ச் வந்தது. விட்டார். கரையிலிருந்து ஒரு அப்பத்தா எழுந்து, "ஏய்யா, டிவியில ஒரு எழுத்துக்கூடத் தவற விடமாட்ட, இந்தப் பந்தைப் போயி விட்டுட்டியே!" என்றதும் பந்து போட்டவனே சிரித்துவிட்டான். மனுஷன் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். சமையல் அக்கா அடித்த சிக்ஸர் நேராகச் சீமைக் கருவேலத்துக்குள் போனது. முள் ஏறி டென்னிஸ் பந்து பஞ்சர். கையில் அழுத்தினால் புஸ்ஸென்று காற்று வருகிறது. மாற்றுப் பந்து வாங்க ஒருத்தன் மேலூருக்கே வண்டியை விரட்டினான்.

அந்த இடைவெளியில்தான் மேசை போட்டு மொய் நோட்டைப் பிரித்தார்கள். டிக்கெட் கிடையாது, உண்டியல் கிடையாது. கல்யாண வீட்டு மாதிரி பேரும் தொகையும் எழுதி, மைக்கில் வாசிக்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. எவ்வளவு வந்தது என்று ஊருக்கே தெரியும், யாரும் மறைக்க முடியாது. ஒரு பெரியவர் 501 ரூபாயை நீட்டி, "செய்தி வாசிக்கிற நம்ம பய பேருக்கு எழுதிக்க" என்றார். இது தம்பியின் காலுக்கு என்று விளக்கினார்கள். "தெரியும்ப்பா. அவன் கூப்பிட்டான்னுதான வந்தேன்" என்றார்.

நானும் 101 எழுதினேன். மைக்கில் என் பேரைத் தப்பாக வாசித்தார்கள், போகட்டும்.

அப்புறம், யார் ஜெயித்தது என்று கேட்பீர்கள். கடைசி ஓவரில் கேமராவில் சார்ஜ் போய்விட்டது. பவர் பேங்க் வாங்கிக்கொண்டு ஓடி வந்து பார்த்தால், தம்பி ஒற்றைக் காலில் நின்று ஸ்கோரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மொய்க் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறான்.