தில்லிக்கு எத்தனை நாள்? நெல்லையிலிருந்து புறப்படுவோர் போட வேண்டிய கணக்கு

வணக்கம். நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முதன்முறையாக வடக்கே புறப்படும் குடும்பத்தார் என்னிடம் கேட்கும் கேள்விகளுள், "தில்லிக்கு எத்தனை நாள் போடலாம்?" என்பதே முன்னால் வந்து நிற்கிறது. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆச்சி, தாத்தா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருமாகப் போவதானால் ஐந்து இரவும் நான்கு முழு நாளும் வேண்டும். ஆக்ராவும் அதற்குள் அடக்கம். தனியாகவோ நண்பர்களுடனோ போகும் இளவயதினர் இதில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போவதாக இருந்தால், தில்லியை இந்தப் பயணத்தில் விட்டுவிட்டு அந்த நாள்களைக் காசிக்குக் கொடுத்துவிடுங்கள் என்பேன். இந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்பதைத்தான் இன்று விளக்கப்போகிறேன்.

எனக்குப் பின்னால் தெரிவது திருநெல்வேலி சந்திப்பு ரயில் நிலையம். கணக்கு தில்லியில் தொடங்குவதில்லை, இங்கேதான் தொடங்குகிறது. கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் இங்கே ஏறினால் நேராகத் தில்லியின் ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் போய் இறங்கலாம். ஆனால் அது வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது, இரண்டு இரவுகள் வண்டியிலேயே கழியும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்று நான்கு நாள்களை ரயிலுக்குக் கொடுத்துவிட்டு, தில்லியில் ஒரே ஒரு பகல் நிற்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் பலருடைய திட்டத்தில் தில்லிக்கு அந்த ஒரு பகல்தான் கிடைக்கிறது. செங்கோட்டை, இந்தியா கேட், குதுப் மினார், தாமரைக் கோயில் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். பாதியை வேனின் சன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு வழி, நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் எழும்பூர் சேர்ந்து, அன்று இரவு 10 மணி அளவில் சென்ட்ரலிலிருந்து புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிப்பது. இடையில் ஒரு முழுப் பகல் சென்னையில் மிஞ்சும். பெரும்பாலோர் அதை வீணான நாள் என்று எண்ணிக் காத்திருப்பு அறையிலேயே கழித்துவிடுகிறார்கள். எழும்பூர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பழங்கால ஈமத்தாழிகள் புதைந்திருந்த நம் ஆதிச்சநல்லூரில், தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொருள்கள் அங்கேதான் உள்ளன. அவருக்கு முன்னால், 1876-இல், அதே பறம்பைத் தோண்டிய ஜெர்மானியரான ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. திருச்செந்தூர்ச் சாலையில் எத்தனையோ முறை அந்த ஊரைக் கடந்து போயிருப்போம். அங்கே கிடைத்த பொன் நெற்றிப் பட்டத்தையும் வெண்கலப் பொருள்களையும் காணச் சென்னையில் இறங்க வேண்டியிருக்கிறது. அந்த அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை என்றதும் இந்தக் கணக்கின் நடுவான இடத்துக்கு வந்துவிட்டோம். ஓர் ஊரில் எத்தனை நாள் தங்குவது என்பதை, அங்கே எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று எண்ணி முடிவு செய்பவர்களே மிகுதி. அந்த இடங்கள் எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதை அவர்கள் கேட்பதில்லை. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் காலை பத்து மணிக்குச் சந்திப்பில் இறங்குகிறார். குளித்து, உண்டு, நெல்லையப்பர் கோயிலுக்கு வந்து சேரும்போது உச்சி வேளை நெருங்கி நடை சாத்தும் நேரம் ஆகிவிடுகிறது. சரி, கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களையாவது பார்க்கலாம் என்று போனால், அங்கும் பிற்பகலில் நடை திறந்திராது. இருட்டுக்கடையோ மாலையில்தான் திறக்கும். ஒரு நாள் போதும் என்று வந்தவருக்கு உண்மையில் கிடைத்தது ஒரு மாலைப்பொழுது மட்டுமே.

தில்லியில் இதே சிக்கல் கிழமைகளில் இருக்கிறது. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்ஷர்தாம், தாமரைக் கோயில் ஆகிய நான்குக்கும் திங்கள்கிழமை விடுமுறை. ஆக்ராவின் தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை. பழைய தில்லியின் கடைவீதியான சாந்தினி சௌக்கில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருப்பவை; ஆகவே திங்கள்கிழமையை அவற்றுக்கோ ஆக்ராவுக்கோ ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை. இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டால் ஒரு நாள் மிச்சமாகும்; தெரியாமல் திங்களன்று காலையில் பழைய தில்லிக்குப் போய் நின்றால் அந்த நாள் போய்விடும்.

அடுத்தது திசை. தில்லி ஒரே ஊரன்று. வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு அரசர்கள் கட்டிய பல ஊர்கள் அங்கே பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. ஷாஜகான் 1639-இல் தொடங்கி 1648-இல் முடித்த செங்கோட்டை வடக்கே இருக்கிறது; ஏறத்தாழ 73 மீட்டர் உயரமுள்ள குதுப் மினார் தெற்குக் கோடியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க எண்ணுவோர் பகலின் நடுப்பகுதியைச் சாலை நெரிசலுக்கே கொடுத்துவிடுவர். ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டால் மூன்று நாள்கள் தாமாகவே அமைந்துவிடுகின்றன.

பழைய தில்லிக்கு ஒரு நாள். காலையில் செங்கோட்டை, அதன் வாயிலிலிருந்து, அரசரின் தனி அவை மண்டபமான திவான்-இ-காஸ் வரை நடக்க வேண்டிய தொலைவு முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சற்று அதிகம் என்பதால் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். பிறகு ஜாமா மசூதி. தொழுகை நேரங்களில் பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். சாந்தினி சௌக்கின் முதன்மைச் சாலையில் பகலில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. பெரியவர்களை சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிவிடலாம்.

நடுத் தில்லிக்கு ஒரு நாள். இந்தியா கேட்டையும், முன்பு ராஜ்பாத் எனப்பட்ட கடமைப் பாதையையும் (கர்த்தவ்ய பாத்) பார்க்க ஒரு மணி நேரம் போதும். படம் எடுத்துக்கொள்வதைத் தவிர அங்கே செய்வதற்கு அதிகம் இல்லை என்பது என் கருத்து. தேசிய அருங்காட்சியகத்துக்கோ அரை நாளாவது வேண்டும். மொகஞ்சதாரோவில் கிடைத்த, நடனமாடும் பெண் என்று பாடப்புத்தகங்களில் நாம் படித்த வெண்கலச் சிலை அங்கேதான் இருக்கிறது. புத்தகப் படத்தைப் பார்த்துப் பெரிய சிலை என்று எண்ணிப் போகும் பிள்ளைகள், அது பத்தரை சென்டிமீட்டர் உயரமே உள்ள சிறு உரு என்பதைக் கண்டு வியந்து நிற்பார்கள். சென்னையில் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைப் பார்த்துவிட்டு இங்கே சிந்துவெளிக் கூடத்துக்கு வருபவருக்கு இரண்டையும் மனத்துக்குள் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. ஒரு நாள் திட்டங்களில் முதலில் வெட்டப்படுவது இந்த அருங்காட்சியகம்தான். என்னைக் கேட்டால், தாமரைக் கோயிலை விட்டாலும் இதை விடக்கூடாது. அக்ஷர்தாமும் அரை நாளை விழுங்கக்கூடியது; கைப்பேசியோ கேமராவோ உள்ளே போகாது என்பதால் அதை உங்களுக்கு என்னால் காட்டவும் இயலாது.

தெற்குத் தில்லிக்கு ஒரு நாள். காலையில் ஹுமாயூன் கல்லறை, பிற்பகலில் குதுப் வளாகம், அங்கே ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கடந்தும் துரு அரிக்காத இரும்புத் தூண், மாலையில் ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேலுள்ள மலை மந்திர். 1973-இல் குடமுழுக்குக் கண்ட அந்தச் சுவாமிநாதன் கோயிலில், திருச்செந்தூருக்கு நடந்து பழகிய ஆச்சிமார் அமரும்போது அவர்கள் முகத்தில் தெரியும் தெளிச்சியை வேறெங்கும் காண முடியாது. தில்லித் தமிழ்ச் சங்கமும் அதே பகுதியில்தான் இருக்கிறது. அன்று இரவு உணவைத் தமிழ் உணவாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் சப்பாத்தியைக் கண்டாலே முகம் சுளிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

நான்காவது நாள் ஆக்ராவுக்கு. மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு ஆக்ராவில் ஓரிரவு தங்கப் போவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் விடுதி மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் கரைகிறது. 2016-இல் தொடங்கிய கதிமான் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனிலிருந்து காலை எட்டு மணி அளவில் புறப்பட்டு, மணிக்கு 160 கிலோமீட்டர் வரை வேகமெடுத்து, ஏறத்தாழ 100 நிமிடங்களில் ஆக்ராவில் விடுகிறது. மாலையில் அதே வண்டியில் திரும்பிவிடலாம். தாஜ்மகாலுக்கு விடுமுறையான வெள்ளியன்று அந்த வண்டியும் ஓடுவதில்லை.

தங்கும் இடம் எங்கே என்பதும் நாள் கணக்கை மாற்றும். மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் அறை எடுங்கள். 2002-இல் ஓடத் தொடங்கிய அந்த மெட்ரோவின் மஞ்சள் தடம் ஒன்றே சாந்தினி சௌக்கையும் புது தில்லி நிலையத்தையும் குதுப் மினாரையும் இணைக்கிறது. கரோல் பாகில் நம் உணவு கிடைக்கும் என்பதற்காக அங்கே தங்குவோர் நீலத் தடத்தில் ஏறி ராஜீவ் சௌக்கில் மாற வேண்டும். அலுவலக நேரத்தில் அந்த நெரிசலில் ஆச்சியின் கையை விட்டுவிடாதீர்கள்.

பருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுப் பரீட்சை விடுமுறையில், அதாவது மே மாதத்தில் போனால் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். நண்பகலில் அறைக்குள் அடைந்து கிடக்க நேரும் என்பதால் என் நான்கு நாள் ஐந்தாகும். அரையாண்டு விடுமுறையில் மூடுபனி; வடக்கத்தி ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும் காலம் அது, ஆகவே ஒரு நாளைக் கையிருப்பாக வைக்க வேண்டும். நவம்பரில் காற்று புகைமூட்டமாக இருக்கும். இழுப்பு உள்ளவர்களை அழைத்துப் போக வேண்டாம். எஞ்சுவது செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறை. எனக்குப் பிடித்ததும் அதுவே. சுதந்திர தினத்துக்கு முந்திய நாள்களில் செங்கோட்டைக்குள் பொதுமக்களை விடுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நான்கு நாள் நல்லது என்றால் ஏழு நாள் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. முதியவர்களுடன் போகும்போது அப்படி இல்லை. நான்காவது நாளுக்குப் பிறகு அவர்கள் கோட்டைகளைப் பார்ப்பதில்லை, உட்கார இடம் தேடுகிறார்கள். மிச்சமுள்ள நாள்களைக் காசிக்குக் கொடுப்பதே முறை. திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் காசிக்குப் போய் அங்கே மடமே நிறுவினார். எட்டயபுரத்துப் பாரதி 1898-இல் போய் அத்தை வீட்டில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தங்கினார். நம் பக்கத்து ஆள்கள் அங்கே நாள் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை! நமக்குத்தான் பள்ளி திறக்கும் தேதி இருக்கிறது.

காசிக்கு இரவு ரயிலில் போனால் ஒரு விடுதி இரவு மிச்சம்தான். ஆனால் பெரும்பாலான விடுதிகளில் நண்பகலுக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அதன்பின் இரவு வரை பெட்டிகளை நிலையத்தின் பொருள் காப்பறையில் போட்டுவிட்டு முதியவர்கள் எங்கே சாய்வார்கள் என்பதை யோசியுங்கள். அரை நாள் வாடகை கூடுதலாகக் கொடுத்து அறையை வைத்திருப்பது இந்த ஒரு நாளில் வீண் செலவல்ல.

இனி உங்கள் நாள்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலை தில்லி சேர்ந்தால் சனி பழைய தில்லி, ஞாயிறு அருங்காட்சியகம், திங்கள் ஆக்ரா, செவ்வாய் தெற்கு, புதன் புறப்பாடு. ஞாயிறு மாலை சேர்ந்தால் திங்கள் தெற்கு, செவ்வாய் பழைய தில்லி, புதன் அருங்காட்சியகம், வியாழன் ஆக்ரா, வெள்ளி புறப்பாடு. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்னர்தான் திறக்கிறது என்பதால், திரும்பி வரும் வண்டிக்கான நாளைத் தனியே எண்ணிக் குறித்து வைத்து, அது திறக்கும் காலையிலேயே எடுத்துவிடுங்கள். காசியில் எத்தனை நாள் என்பதை அடுத்த காணொளியில் பேசுகிறேன்.