ருசிங்கா தீவின் விசித்திர மூக்கு

நண்பர்களே, வணக்கம். ஆப்பிரிக்காவில் மாரா ஆற்றைக் கூட்டம் கூட்டமாகத் தாண்டும் வில்டபீஸ்ட் என்ற மறிமானை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதற்கு அழிந்துபோன பங்காளி ஒன்று உண்டு. பெயர் ருசிங்கோரிக்ஸ்.

கென்யாவில், விக்டோரியா ஏரிக்குள் இருக்கிறது ருசிங்கா தீவு. 1948-இல் மேரி லீக்கி புரோகான்சல் என்ற ஆதிக் குரங்கின் மண்டையோட்டை எடுத்தது அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் மான் எலும்பை யார் சீந்துவார்கள்? 1984-இல் பிக்ஃபோர்ட், தாமஸ் என்ற ஆய்வாளர்கள்தான் ருசிங்கோரிக்ஸுக்குப் பெயர் வைத்தார்கள். அப்புறமும், இது மெகலோட்ராகஸ் என்ற பெரிய மறிமானின் இனமாக இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. தனிப் பேரினம்தான் என்று 2011-இல் ஓர் ஆய்வு வாதிட்டது.

ஒற்றை மண்டையோட்டை வைத்துக்கொண்டு இதற்குமேல் நகர முடியாது. நல்ல வேளையாக, தீவின் ஒரு சரிவில் குறைந்தது 26 விலங்குகளின் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. குட்டியும் உண்டு, வளர்ந்ததும் உண்டு. அவற்றை ஸ்கேன் செய்து ஓ'பிரையனும் ஃபெய்த்தும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வில்டபீஸ்ட்டுக்கு மூச்சு நேராகப் பின்னால் போகும். இதற்கோ, முகத்தின் மேலே எலும்பாலான ஒரு குமிழ், உள்ளே வெற்றிடம். மூக்கிலிருந்து போகும் மூச்சுப் பாதை மேலேறி, வளைந்து, அதற்குள் போய்த்தான் இறங்குகிறது. குட்டியிடம் சிறிதாக இருக்கும் குமிழ், வயது ஏற ஏறப் பெருக்கிறது. வேறு எந்தப் பாலூட்டிக்கும் இப்படி இல்லை. இதற்கு ஜோடி தேடினால் ஹாட்ரோசர் டைனோசர்களிடம்தான் போக வேண்டும்! தாழ்ந்த குரலில் கூட்டத்தோடு பேச இந்தக் குமிழ் உதவியிருக்கலாம் என்கிறார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் தசையும் சவ்வும் மிஞ்சவில்லை. குரல் பற்றியதெல்லாம் கணக்குப் போட்டுச் சொன்னதுதான்.

சரி, ஏன் அழிந்தது? அந்தக் குவியலில் கல்லாயுதங்களும் வெட்டுத் தழும்புகளும் இருக்கின்றன; மனிதர் தின்றார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் நான் புல்லைத்தான் சந்தேகிக்கிறேன். இதன் பற்கள் உயரமானவை, மண் கலந்த புல்லை மென்று தேய்ந்தாலும் தாங்குபவை. பனியூழியில் ஏரி வற்றியபோது ருசிங்கா தீவாக இல்லை, பரந்த புல்வெளியின் ஒரு பகுதி. பின்னால் மழை கூடியது, புதர் பரவியது, நீர் ஏறியது. மெகலோட்ராகசும், டமாலிஸ்கஸ் ஹிப்சோடான் என்ற சிறிய மறிமானும் கிழக்கு ஆப்பிரிக்காவில் மறைந்தன. அவையும் புல்லை நம்பிய விலங்குகள்தான்.