மாடு கட்டிய ஊர்க்காரர்கள்

நடுவர் அவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம். நம் அரசு உயர்நிலைப் பள்ளியை வளர்த்தது ஆசிரியர்களா, ஊர்மக்களா? நான் ஊர்மக்கள் கட்சி.

நம் கன்னியாகுமரிப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். அதற்கு முன்னால் திருவிதாங்கூர். 1817-லேயே ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணை போட்டார். ஆனால் எத்தனையோ சாதிப் பிள்ளைகள் சர்க்கார் பள்ளிக்குள் நுழையத் தலைமுறைக் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். காமராசர் காலத்தில் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினாரே, அப்போது பெஞ்சும் கடிகாரமும் கரும்பலகையும் கொடுத்தது யார்? ஊர்க்காரர்கள்!

சரி, எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "வாத்தியார் பாடம் நடத்தினார், ஊர்க்காரன் பள்ளி மைதானத்தில் மாடு கட்டினான்." கைதட்டினீர்கள். ஐயா, அந்த மாட்டை எனக்குத் தெரியும்! பாதிக் கதையை அவர் சொன்னார், மீதியை நான் சொல்கிறேன்.

மாசிக் கடைசி. முந்தின நாள் நல்ல கோடை மழை. ஒன்பதாம் வகுப்பின் பாதிச் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிகிறது. கொம்பு வைத்த தலை! மேசையில் கிடந்த வருகைப் பதிவேட்டை இழுத்தது, மென்றது. எந்தப் பக்கம் தெரியுமா? பிப்ரவரி மாதம்! அந்த மாதம் பள்ளிக்கு மட்டம் போட்ட பயல்களெல்லாம் மறுநாள் மாட்டுக்கு வைக்கோலோடு வந்தார்கள் நடுவர் அவர்களே! ஒருத்தன் பழக்குலையே கொண்டுவந்தான். அவன் அந்த மாதம் பள்ளிப் பக்கமே வராதவன்!

தலைமை ஆசிரியர் மாட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் பனையேறி. இடுப்பில் அருவாப்பெட்டி, கையில் அக்கானி என்கிற பதநீர் வாசம், அப்படியே வந்து நின்றார். மகள் முதல் பெஞ்சில் தலை குனிந்து இருக்கிறாள். தலைமை ஆசிரியர் சத்தம் போடுகிறார். இவர் காதில் எதுவும் விழவில்லை. கூரையையே பார்க்கிறார்.

"சாரே, அங்க ஓடு பொட்டிக் கிடக்கு. பிள்ளைய நனையும்லா?"

அவ்வளவுதான். பெட்டியைக் கழற்றி வைத்தார், சுவரில் கால் வைத்தார், கூரைக்குப் போய்விட்டார். உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு நல்ல ஓட்டை வைத்த பிறகுதான் இறங்கினார். அதன்பின் வருடந்தோறும் பள்ளி திறப்பதற்கு முன்னால், யாரும் கூப்பிடாமலே வந்தார். இடித்த வீடுகளில் கேட்டு வாங்கிய ஓட்டைத் தலையில் சுமந்து வந்தார். கூலி? ஒரு பைசா கிடையாது. அவர் மைதானத்தில் மாடு கட்டினால் என்ன ஐயா, மந்தையையே கட்டட்டும்!

அந்த மகள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வாங்கிய அன்று, வராந்தாவிலேயே அவளை நிறுத்தினார். அவருக்கு எழுத்து தெரியாது. "வாசி மக்களே" என்றார். வாசித்தாள். "கணக்கு மட்டும் இன்னொருமட்டம் வாசி" என்றார். வாசித்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எதிரணியில் இருக்கும் என் ஆசிரியர்களே, நீங்கள் சொல்லிக் கொடுத்த கணக்குதான் அது, மறுக்கவில்லை. நனையாமல் இருந்து அவள் படிக்க ஓடு வைத்தவர் அவர்.

நடுவர் அவர்களே, அவர் இதோ புளியமரத்தடியில் நிற்கிறார். நாற்காலி கொடுத்தாலும் உட்கார மாட்டார். தீர்ப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அவரை மேடைக்குக் கூப்பிடுங்கள். எனக்கென்று வைத்திருக்கும் சால்வையை அவருக்குப் போடுங்கள். நன்றி, வணக்கம்.